கூடு போதும், நோயின் கதை வேண்டாம்

நமது மருத்துவமனையின் புறநோயாளர் கூடத்தில் கூடுகளின் கண்காட்சி ஒன்று அமையவிருக்கிறது. நோயாளிகளும் அவர்களுக்குத் துணையிருப்போரும், வீட்டில் கிடைக்கும் பொருள்களையும் வழியில் கண்டெடுத்த பொருள்களையும் கொண்டு தம் கையால் செய்த கூடுகள் அங்கே வைக்கப்படும். தேங்காய் நார், பழைய வேட்டியின் கரை, விளக்குமாற்று ஈர்க்கு, பூக்கட்டும் வாழைநார், பிரித்தெடுத்த ஸ்வெட்டர் நூல், கூடை பின்னும் பிளாஸ்டிக் வயர், பேருந்துச் சீட்டுகள் என எது வேண்டுமானாலும் அவற்றுக்கு மூலப்பொருளாகலாம். இந்த முயற்சியை நாம் முழு மனத்துடன் வரவேற்கிறோம். ஆயினும் இன்னும் முடிவாகாத ஒரு செய்தியைப் பற்றி நம் கருத்தை இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு கூட்டின் அருகிலும் வைக்கப்படும் சீட்டில் என்ன எழுதுவது என்பதே அது.

செய்தவரின் பெயர், வயது, அவருக்கு வந்த நோய், எத்தனை மாதம் சிகிச்சை பெற்றார், எப்படித் தேறினார் என்று நாலு வரி எழுதி வைக்கலாம் என்பது ஒரு யோசனை. அதைச் சொல்வோரின் எண்ணம் நல்லதே. புதிதாக நோய் கண்டறியப்பட்டு அச்சத்தோடு வந்து நிற்கும் ஒருவர் அதைப் படித்துத் தைரியம் பெறுவார் என அவர்கள் நம்புகிறார்கள். எனினும் நாம் இதற்கு உடன்படவில்லை. சீட்டில் கூடு எந்தெந்தப் பொருளால் ஆனது என்பது இருக்கட்டும். செய்தவர் விரும்பினால் அவர் பெயரும் இருக்கட்டும். நோயைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம். கூட்டைக் கொடுக்க வருபவரிடம் அதைக் கேட்கவும் வேண்டாம்.

இதன் காரணங்களுக்குப் போகுமுன், ஓவியத்தையோ கைவேலைப் போட்டியையோ விட்டுக் கூட்டைத் தேர்ந்தது ஏன் பொருத்தமானது என்பதைச் சொல்லிவிடுகிறோம். வெள்ளைத் தாளை நீட்டி ஏதேனும் வரையுங்கள் என்றால், பெரும்பாலோர் தமக்கு வரைய வராது என்று ஒதுங்கிக்கொள்வர். கூடு அப்படியன்று. சடை பின்னியவர், பூத் தொடுத்தவர், கயிறு திரித்தவர், கட்டிலுக்கு நாடா பின்னியவர், ஓலை முடைந்தவர் ஆகிய எவருடைய கைக்கும் அதன் அடிப்படை தெரியும். தலையில் குடம் சுமப்பதற்குத் துணியை முறுக்கிச் சுற்றும் சும்மாடும், பானை உருளாமலிருக்க அடுக்களையில் வைக்கும் பிரிமணையும் கூட்டின் அடிப்பகுதியைப் போன்றவையே. ஊசியும் தூரிகையும் இல்லாமல், மடியில் வைத்து, அழைப்பு வரும்போது நிறுத்திவிட்டுப் பிறகு தொடரக்கூடிய வேலை அது. ஆய்வக முடிவுக்காகவும், சிகிச்சை அறைக் கதவு திறப்பதற்காகவும் மணிக்கணக்கில் காத்திருப்போருக்கு இத்தகைய வேலையே ஏற்றது.

கிடைத்ததைக் கொண்டு கட்டுவது பறவைகளின் வழக்கம். தையல்சிட்டு இலையின் ஓரங்களில் அலகால் துளையிட்டு, பஞ்சையும் நாரையும் சிலந்தி நூலையும் கொண்டு இலைகளைச் சேர்த்துத் தைத்துவிடுகிறது. நகரத்துக் காகம் சுள்ளி கிடைக்காத இடத்தில் கம்பித் துண்டுகளைப் பொறுக்கி வந்து கட்டுகிறது. மனிதரில் சிற்பிகளும் இவ்வழியில் சென்றிருக்கிறார்கள். ஜெர்மனியின் நில்ஸ்-ஊடோ என்னும் கலைஞர் 1978ஆம் ஆண்டில் லூனபர்க் புல்வெளிப் பகுதியில் ‘கூடு’ என்ற பெயரில் பெரிய படைப்பொன்றைச் செய்தார். மண், கல், பிர்ச் மரம், புல் ஆகியவையே அதன் பொருள்கள். நம் நாட்டில், சண்டிகரில் சாலை ஆய்வாளராகப் பணியாற்றிய நேக் சந்த், உடைந்த வளையல்கள், ஓடுகள், பீங்கான் துண்டுகள், கட்டட இடிபாடுகள் ஆகியவற்றைச் சேர்த்து எவரும் அறியாமல் பல ஆண்டுகள் சிற்பங்கள் செய்தார். அவை 1976ஆம் ஆண்டில் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட பாறைத் தோட்டமாயின.

அருங்காட்சியகங்களில் இத்தகைய படைப்புகளுக்கு அருகில் வைக்கும் சீட்டைக் கவனித்திருப்பீர்கள். கலைஞரின் பெயர், படைப்பின் பெயர், ஆண்டு, செய்த பொருள்கள் என்பவையே பொதுவாக அதில் இருக்கும். அக்கலைஞருக்கு என்ன நோய் இருந்தது, எந்த மருத்துவர் பார்த்தார் என்பதைப் பார்வையாளர் கேட்பதில்லை. மருத்துவமனையில் செய்தவர் என்ற ஒரே காரணத்தால் நம் நோயாளிக்கு மட்டும் வேறு சீட்டு ஏன்? அவர் செய்ததையும் ஒரு படைப்பாகவே பார்க்கிறோம் என்றால், அவருக்கும் அதே மரியாதையைத் தர வேண்டும்.

அமெரிக்காவைச் சேர்ந்த ஜூடித் ஸ்காட் இங்கே நினைவுக்கு வருகிறார். 1943இல் பிறந்த அவர் டவுன் குறைபாடு உடையவர், காது கேளாதவர், பேசாதவர். ஏழு வயதில் காப்பகத்தில் விடப்பட்டு ஏறத்தாழ 35 ஆண்டுகள் அங்கேயே இருந்தார். அவருடைய இரட்டைச் சகோதரிதான் பின்னர் அவரை வெளியே அழைத்து வந்தார். 1987 முதல் கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரிலுள்ள ஒரு கலை மையத்தில், கண்ணில் பட்ட பொருள்களை எடுத்து, அவற்றின்மேல் நூலையும் துணியையும் சுற்றிச் சுற்றிப் பெரிய உருவங்களை அவர் செய்தார். 2005இல் மறையும்வரை அதைத் தொடர்ந்தார். பார்ப்பதற்குக் கூடுகளையும் கூட்டுப்புழுக்களையும் போன்ற அந்த உருவங்களுக்கு அவர் பெயரிடவில்லை, விளக்கமும் தரவில்லை. பலவற்றில் உள்ளே என்ன இருக்கிறது என்பதே வெளியே தெரியாது. இருந்தும் மக்கள் அவற்றின் முன் நின்று பார்க்கிறார்கள். விளக்கம் இல்லாததால் அவற்றின் மதிப்புக் குறையவில்லை.

இனி நம் எதிர்ப்பின் காரணங்களுக்கு வருவோம். முதலாவது, நோயாளியால் மறுக்க முடியாது என்பது. வெளியில் ஒருவர் நம் கதையைக் கேட்டால், சொல்ல விருப்பமில்லை என்று எளிதாகச் சொல்லிவிடலாம். நாளை நமக்கு ஊசி போடப்போகும் செவிலியரோ, அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கவிருக்கும் மருத்துவரோ கேட்டால் அப்படிச் சொல்ல வாய் வருவதில்லை. அவர்கள் கட்டாயப்படுத்தவில்லை, அன்பாகத்தான் கேட்கிறார்கள். ஆனால் சிகிச்சை அவர்கள் கையில் இருக்கிறது. கட்டணச் சலுகைக்கு விண்ணப்பித்திருக்கும் குடும்பத்துக்கு அந்தத் தயக்கம் இன்னும் அதிகம். இந்நிலையில் பெறும் சம்மதம், காகிதத்தில் கையெழுத்தாக இருந்தாலும் முழுச் சம்மதம் ஆகாது. கேள்வியையே கேட்காமல் விடுவதுதான் அவர்களுக்கு நாம் செய்யும் உதவி.

இரண்டாவது காரணம் நம் ஊர்களின் நடைமுறை. புறநோயாளர் கூடத்துக்கு யார் வருவார்கள் என்று சொல்ல முடியாது. பக்கத்து வீட்டார் வரலாம். சம்பந்தம் பேசுவோர் வரலாம். வேலை கொடுத்தவர் வரலாம். காசநோய், வலிப்பு, புற்றுநோய், மனநோய் என்ற ஒரு சொல் வெளியே தெரிந்ததால் நிச்சயமாகவிருந்த திருமணம் நின்றுபோவதும், வீட்டுக்காரர் வீட்டைக் காலி செய்யச் சொல்வதும் இன்றும் நடக்கின்றன. குணமான பிறகும் அச்சொல் அவரை விட்டுப் போவதில்லை. நோயாளியின் தங்கைக்கும் மகளுக்கும்கூட அது தொடர்கிறது. சுவரில் மாட்டிய சீட்டை எவரும் கைபேசியில் படமெடுக்கலாம். கண்காட்சி முடிந்து சீட்டைக் கழற்றிய பின்னும் அந்தப் படம் சுற்றிக்கொண்டிருக்கும்.

சட்டமும் இத்திசையிலேயே நிற்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய்க்குச் சிகிச்சை பெறுபவரின் தகவல்களும் படங்களும் அவர் சம்மதமின்றி ஊடகத்தில் வெளியாவதைத் தடை செய்கிறது. அதே ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், ஒருவரின் நோய்த்தொற்று நிலையை அவருடைய சம்மதமின்றி வெளியிடக் கூடாது என்கிறது. இவ்விரண்டு நோய்களுக்கும் உள்ள மறைவுரிமையின் நியாயம் மற்ற நோய்களுக்கும் பொருந்தும். சில சீட்டுகளில் மட்டும் நோயின் பெயரை எழுதிச் சிலவற்றில் வெற்றிடம் விட்டால், அந்த வெற்றிடமே பேசத் தொடங்கிவிடும் என்பதையும் மறந்துவிடலாகாது. எல்லாச் சீட்டும் ஒன்றுபோல் இருப்பதே பாதுகாப்பு.

தைரியம் தரும் கதைகள் வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும். அதே நோயைக் கடந்து வந்த ஒருவர் பக்கத்தில் அமர்ந்து பேசுவதற்கு இணையான ஆறுதல் குறைவுதான். ஆனால் அது இருவர் நேரில் பேசும் பேச்சு. கேட்பவர் யார் என்று தெரிந்து, எவ்வளவு சொல்வது என்று அளந்து சொல்வது. சுவரிலுள்ள சீட்டுக்கு அந்த அளவு தெரியாது. மேலும், வென்றவர்களின் கதை மட்டுமே அங்கே இடம்பெறும். சிகிச்சை பலன் தராமல் போனவரின் மனைவி அதே கூடத்தில் மருந்துச் சீட்டுடன் நிற்கக்கூடும். அவர் அந்த வரிசையைப் படித்தால் எதை நினைப்பார்? தம் கணவரின் மன உறுதி போதவில்லை என்றா? தம் கதையைச் சொல்லியே ஆக வேண்டும் என்று ஒருவர் தாமாக விரும்பினால், சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய பின்பு, தம் சொற்களில் எழுதித் தரட்டும். வேண்டாம் என்று தோன்றும் நாளில் அதை எடுத்துவிடவும் அவருக்கு உரிமை இருக்கட்டும்.

துணையிருப்போருக்கும் ஒரு சொல். கூடு செய்பவர்களில் பலர் நீங்களாகவே இருப்பீர்கள். உங்கள் களைப்பும் காத்திருப்பும் உங்களுடையவை. அவற்றைக் கூட்டில் எப்படி வேண்டுமானாலும் வைக்கலாம். நோயாளியின் மருத்துவ அறிக்கையைக் கீற்றுகளாகக் கிழித்துப் பின்னுவதும், அவர் கையில் கட்டியிருந்த அடையாளப் பட்டையைக் கூட்டில் செருகுவதும் வேறு. அவற்றில் அவர் பெயரும் மருத்துவமனை எண்ணும் நோயின் விவரமும் இருக்கின்றன. மகனாயினும் மனைவியாயினும் முதலில் அவரைக் கேட்க வேண்டும். அவர் கேட்டுச் சொல்லும் நிலையில் இல்லையென்றால், அந்தப் பொருளை விட்டுவிடுவதே முறை.

இன்னொரு மறுப்பும் நம் காதில் விழுகிறது. உட்கார நாற்காலி போதாத இடத்தில் கூடும் கண்காட்சியும் எதற்கு என்பது அது. நாற்காலி வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. அதை நாமும் ஆதரிக்கிறோம். கூடு அதற்கு ஈடாகாது. கூடு செய்வதால் நோய் குணமாகும் என்றும் நாம் சொல்லமாட்டோம். கலைகளுக்கும் உடல்நலத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றி உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2019இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 3000க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்த அவ்வறிக்கை, நோயைத் தடுப்பதிலும் சிகிச்சைக்குத் துணை நிற்பதிலும் கலைகளுக்குப் பங்கு உண்டு என்கிறது. மருந்துக்குத் துணையாக நிற்பது என்ற அளவோடு நாமும் நின்றுகொள்வோம். பொருள்கள் எல்லாம் வீட்டிலிருந்தே வருவதால் இதற்கு ஆகும் செலவும் சிறிதே.

முடியாத கூடுகளைப் பற்றியும் ஒரு முடிவு வேண்டும். ஆண் தூக்கணாங்குருவி புல்லையும் பனையோலையையும் நீளமாகக் கிழித்துப் பின்னிக் கூட்டைப் பாதியளவுக்குக் கொண்டுவந்ததும், பெண்குருவி வந்து பார்க்கும். அது ஏற்றால்தான் மீதி கட்டி முடிக்கப்படும். ஏற்காத கூடுகள் பல, தலைக்கவசம் போன்ற பாதி உருவத்திலேயே பனைமரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். நம்மிடமும் பாதியில் நின்ற கூடுகள் வரும். உடல்நிலை மாறியதால் நின்றிருக்கலாம். ஊருக்குத் திரும்ப நேர்ந்ததால் நின்றிருக்கலாம். செய்தவர் இப்போது நம்மிடையே இல்லாமலும் இருக்கலாம். அவற்றை வேறு யாரும் எடுத்து முடிக்க வேண்டாம். இருந்தபடியே மற்றவற்றுடன் சேர்த்து வைக்க வேண்டும். ‘முடிவுறாதது’ என்று தனியாகக் குறிக்கவும் வேண்டாம். பரிசும் மதிப்பெண்ணும் இல்லாதிருந்தால் இது இன்னும் எளிதாகும். கண்காட்சி முடிந்தபின் எல்லாக் கூடுகளும் செய்தவருக்கோ அவர் குடும்பத்தாருக்கோ திரும்பிச் சேர வேண்டும்.

கூடு செய்ய விரும்புவோருக்குச் சில குறிப்புகள். கிண்ணம் ஒன்றைக் கவிழ்த்து, மேலே பாலிதீன் தாளை விரித்து, பசை தடவிய செய்தித்தாள் கீற்றுகளை மூன்று நான்கு அடுக்காக ஒட்டுங்கள். நன்றாகக் காய்ந்ததும் கிண்ணத்தை உருவிவிட்டால் உட்கூடு கிடைக்கும். அதன்மேல் நாரையோ நூலையோ துணிக்கீற்றையோ சுற்றலாம், செருகலாம், முடிச்சிடலாம். பசை வேண்டாமென்றால், சும்மாடு போல ஒரு வளையத்தை முறுக்கி அதிலிருந்து மேல்நோக்கிச் சுற்றிக்கொண்டு போகலாம். இரு கைகளுக்குள் அடங்கும் அளவு போதும்.

சில எச்சரிக்கைகளும் உண்டு. மருத்துவமனையிலுள்ள மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீல நிறத் தொட்டிகளிலிருந்து எதையும் எடுக்கக் கூடாது. அவை 2016ஆம் ஆண்டின் உயிரிமருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பிரித்து அப்புறப்படுத்தப்பட வேண்டியவை. குளுக்கோஸ் குழாய் எவ்வளவு அழகாகச் சுருண்டாலும் அது கூட்டுக்கு ஆகாது. மரத்திலுள்ள உண்மையான கூட்டையும் எடுத்து வராதீர்கள். அதில் பூஞ்சையும் உண்ணிகளும் இருக்கக்கூடும். பறவையின் கூட்டைக் குலைப்பதை 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் வேட்டை என்றே கணக்கிடுகிறது. வெள்ளணுக்கள் குறைந்திருப்போர் மண், சருகு, காய்ந்த பூ, இறகு ஆகியவற்றைத் தவிர்த்து, துவைத்துக் காயவைத்த துணியையும் நூலையும் பயன்படுத்தலாம். தட்டணுக்கள் குறைந்தோரும், மருந்தினால் விரல்கள் மரத்துப்போனோரும், மார்பக அறுவை சிகிச்சைக்குப் பின் கை வீக்கம் உடையோரும் கம்பி, கத்தரி, வெறும் மாத்திரை அட்டையின் கூரிய ஓரம் ஆகியவற்றைத் தொடாதிருப்பது நல்லது. டிரிப் ஏறும் கைக்கு வேலை கொடுக்க வேண்டாம். ஐயம் இருப்பின் வார்டுச் செவிலியரைக் கேளுங்கள்.

கூட்டைக் கொடுக்க வரும்போது உங்களிடம் எழுதித் தரக் கேட்க வேண்டியது ஒன்றே: இது எவற்றால் ஆனது? ‘அம்மாவின் பழைய நூல் சேலை, தேங்காய் நார், ஊருக்கும் மருத்துவமனைக்கும் இடையே சேர்ந்த 41 பேருந்துச் சீட்டுகள்’ என்று ஒரு சீட்டில் இருந்தால், படிப்பவர் தமக்கு வேண்டியதைத் தாமே புரிந்துகொள்வார். பெயர் போட வேண்டுமா என்பது உங்கள் விருப்பம். வேறு எதையேனும் யாரேனும் கேட்டால், சொல்ல விருப்பமில்லை என்று தயங்காமல் சொல்லுங்கள். அப்படிச் சொன்னதற்காக உங்கள் சிகிச்சையிலோ, உங்களிடம் பேசும் முறையிலோ எந்த வேறுபாடும் இருக்கலாகாது என்பதை ஏற்பாட்டாளர்கள் கூடத்தின் வாயிலிலேயே எழுதி வைக்க வேண்டும் என்று நாம் கேட்டுக்கொள்கிறோம்.